எல்லாம் அவனுக்கு முன்பே தெரியும் என்றால், என் முடிவு என்னுடையதா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி பல வாசல்களால் வரும். சைவசமய வகுப்பில் உயர்தர மாணவர் கேட்பார். மறைக்கல்வி வகுப்பில் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் கதை படிக்கும்போது எழும். பொருத்தம் சரிவராமல் கலியாணம் குழம்பிய வீட்டில் தாய் கேட்பார். செத்தவீட்டில் ஒருவர் “எல்லாம் எழுதியபடி” என்று ஆறுதல் சொல்ல, இன்னொருவர் பொறுக்கமாட்டாமல் எழுந்து வெளியே போவார். சொற்கள் சமயத்துக்குச் சமயம் மாறினாலும் முடிச்சு ஒன்றுதான். நான் சைவன், சித்தாந்தம் படித்து வருபவன். கிறிஸ்தவ மெய்யியலாளர் இந்த முடிச்சை அவிழ்க்கப் பட்ட பாட்டையும் மதிப்போடு படித்திருக்கிறேன். ஆகவே இரு மரபும் இங்கே வரும்.

கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் என்ன?

நாளை நான் என்ன செய்வேன் என்பது இறைவனுக்கு இன்றே தெரியும். அவன் அறிவு பிழைக்காது. அப்படியென்றால் நாளை நான் வேறு விதமாக நடக்க முடியுமா? முடியாது என்றால், நான் செய்த நன்மைக்குப் புகழும் தீமைக்குத் தண்டனையும் எப்படிப் பொருந்தும்?

தெரிந்திருப்பது வேறு, செய்விப்பது வேறு. இதைச் சொன்னால் போதாதா?

பாதி போதும். பஞ்சாங்கத்தில் கிரகணம் என்று அச்சடித்திருப்பதால் கிரகணம் உண்டாவதில்லை. பஞ்சாங்கத்தைக் கிழித்துப் போட்டாலும் அது வரும். அறிவு நிகழ்ச்சியைப் பின்பற்றுகிறதே ஒழிய, அதைப் பிடித்து இழுத்து வருவதில்லை. நேற்று நடந்ததை நான் நினைவில் வைத்திருப்பதால் நேற்றைய நிகழ்ச்சியை நான் கட்டாயப்படுத்தியவன் ஆவதில்லை, அதுபோலவே இறைவனின் முன்னறிவும் என்று புனித அகுஸ்தீன் வாதிட்டதும் இதே வழியில்தான்.

ஆனால் பஞ்சாங்கம் கணிப்பவர் கிரகணத்தைச் சொல்ல முடிவது ஏன்? சூரியனும் சந்திரனும் கணக்குத் தப்பாமல் ஓடுகின்றன. அவற்றுக்கு விருப்பம் என்று ஒன்று இல்லை. மனிதனின் முடிவு அப்படிக் கணக்கில் அகப்படுவது என்றால் அது சுயாதீனமான முடிவாக இராது. அகப்படாதது என்றால் இறைவன் அதை எதைக் கொண்டு முன்கூட்டி அறிகிறான்? பஞ்சாங்க உவமை இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. மேடையில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறவர்கள் கேட்டவரின் சந்தேகத்தைத் தீர்க்காமலே விட்டுப்போகிறார்கள்.

அப்படியானால் இறுக்கமான வாதம் எது?

நடந்து முடிந்ததை எவராலும் மாற்ற முடியாது. “இன்னார் நாளை பொய் சொல்வார்” என்று இறைவன் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தான் என்றால், அந்த அறிவு நடந்து முடிந்த ஒன்று. அதை மாற்றும் வல்லமை எனக்கு இல்லை. அந்த அறிவு பிழையாகவும் முடியாது. ஆகவே பொய் சொல்லாமல் இருக்கும் வல்லமையும் எனக்கு இல்லை. அமெரிக்க மெய்யியலாளர் நெல்சன் பைக் 1965இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு விவாதம் பெரும்பாலும் இந்த வடிவத்தைச் சுற்றியே நடக்கிறது.

கவனியுங்கள்: இங்கே “அறிவு கட்டாயப்படுத்துகிறது” என்று ஒருவரும் சொல்லவில்லை. இறந்தகாலம் மாறாது என்பதுதான் பூட்டு. அதனால்தான் முந்திய பதில் பாதி என்றேன்.

இந்தப் பூட்டைத் திறக்க யார் யார் என்ன சொன்னார்கள்?

முதலில் போவேதியஸ். உரோமப் பிரபு. தியோடரிக் மன்னனால் சிறையிடப்பட்டு, கொலைத் தண்டனைக்குக் காத்திருந்த காலத்தில், 524ஆம் ஆண்டையொட்டி, இதை எழுதினார். இறைவன் காலத்துக்குள் இருந்துகொண்டு முன்னோக்கிப் பார்க்கிறவன் அல்லன், முடிவற்ற வாழ்வு முழுவதையும் ஒருசேரக் கொண்டிருப்பவன் என்றார். அவனுக்கு என் நாளையும் நேற்றும் ஒரே நிகழ்காலம். வீதியில் ஒருவர் நடப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தால், நான் பார்ப்பதனால் அவர் நடை கட்டாயமாகிவிடாது. “ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அறிந்தான்” என்ற வாக்கியமே பிழை என்றால், பூட்டு விழும் இடமே இல்லை. தன் கழுத்துக்குக் கத்தி வருகிறது என்று தெரிந்த மனிதர் இந்தக் கேள்வியை இவ்வளவு நிதானமாக எழுதினார் என்பது என்னை இன்றும் அசைக்கிறது.

14ஆம் நூற்றாண்டில் ஓக்காமைச் சேர்ந்த வில்லியம் வேறு வழி எடுத்தார். இறந்தகாலம் பற்றிய எல்லா உண்மைகளும் ஒரே அளவுக்கு இறுகியவை அல்ல, எதிர்காலத்தின் மேல் சாய்ந்து நிற்பவையும் அவற்றுள் உண்டு, இறைவனின் முன்னறிவு அந்த வகை என்றார். கெட்டிக்காரத்தனமான பதில்தான். என் மனம் அதில் ஒட்டவில்லை.

லூயிஸ் டி மோலினா என்ற ஸ்பானிய இயேசு சபைக் குரு 1588இல் வெளியிட்ட நூலில், எந்த மனிதன் எந்த நிலைமையில் வைக்கப்பட்டால் சுயாதீனமாக எதைத் தெரிவான் என்பதும் இறைவனுக்குத் தெரியும் என்றார். இதற்கு அவர் பக்கத்தார் காட்டும் வேதாகமச் சான்று அழகானது. தன்னைக் கொல்லத் தேடும் சவுல் அரசனுக்குத் தப்பி, தாவீது கேகிலா ஊரில் இருக்கிறான். சவுல் வருவானா, ஊரார் என்னைக் காட்டிக்கொடுப்பார்களா என்று ஆண்டவரிடம் கேட்கிறான். வருவான், காட்டிக்கொடுப்பார்கள் என்று பதில் வருகிறது. தாவீது உடனே ஊரைவிட்டு வெளியேறுகிறான். சவுல் வரவில்லை, காட்டிக்கொடுப்பும் நடக்கவில்லை. அப்படியானால் ஆண்டவர் சொன்னது பொய்யா? இல்லை. தங்கியிருந்தால் நடந்திருக்கும் என்பதைச் சொன்னார். முன்னறிவு அவனைக் கட்டிப்போடவில்லை, தப்பவைத்தது. மோலினாவை இயேசு சபையாரும் தொமினிக்கன் சபையாரும் வைத்து மோதிய மோதல் உரோமைவரை போனது. கடைசியில் 1607இல் பாப்பரசர் ஐந்தாம் பவுல் ஒரு தரப்பையும் கண்டிக்காமல் இரு தரப்பும் ஒன்றையொன்று பழிக்கக் கூடாது என்று நிறுத்திவைத்தார்.

இன்னும் சிலர், எடுக்கப்படாத முடிவில் அறிவதற்கு எதுவும் இல்லை, ஆகவே இறைவன் அதை அறியாதது குறையல்ல என்கிறார்கள். யூத அறிஞர் கெர்சோனிடிஸ் 14ஆம் நூற்றாண்டில் இதற்குக் கிட்ட வந்தார். சுவிசேஷ சபைகளுக்குள் 1990களில் இது பெரிய சர்ச்சையானது.

சீடர் பேதுரு சேவல் கூவுமுன் தம்மைத் தெரியாது என்று மறுதலிப்பார் என இயேசு சொல்லிவிட்டாரே. பிறகு பேதுருவால் என்ன செய்ய முடியும்?

தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் கேட்டு வளர்ந்த கத்தோலிக்க நண்பர்கள் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். கேட்பது நியாயம். போவேதியஸின் பதில் இங்கே மட்டும் தடுமாறுகிறது. இறைவன் காலத்துக்கு வெளியே இருக்கலாம். ஆனால் அந்த வார்த்தை இரா உணவு முடிந்த இரவில், காலத்துக்குள், காதில் விழும்படி சொல்லப்பட்டது. அது இப்போது இறந்தகாலம்.

எனக்குப் படுவது இது. அந்த இரவை அருகில் வைத்துப் பாருங்கள். முற்றத்தில் நெருப்பு எரிகிறது. வேலைக்காரப் பெண் ஒருத்தி “நீயும் அவனோடு இருந்தவன்” என்கிறாள். பேதுருவின் நாவை எவரும் பிடித்து அசைக்கவில்லை. பயம் அவருடையது, சொல்லும் அவருடையது. மூன்றாம் முறை சொன்னபின் அழுததும் அவரே. கட்டாயப்படுத்தப்பட்டவன் அப்படி மனம் கசந்து அழமாட்டான். முன்பே சொல்லப்பட்ட வார்த்தை பேதுருவின் செயலைப் பற்றிக்கொண்டுதான் உண்மையாயிற்று. பேதுரு மறுதலித்திராவிட்டால் அந்த வார்த்தை சொல்லப்பட்டிருக்கவே மாட்டாது. எது எதைச் சார்ந்திருக்கிறது என்பதைத் தலைகீழாகப் பிடிப்பதால்தான் நமக்குத் தலை சுற்றுகிறது. இது முழுத் தீர்வு என்று சொல்லமாட்டேன். ஆனால் பேதுருவுக்குக் கிடைத்த மன்னிப்பு பொருளுள்ளதாக வேண்டுமென்றால் மறுதலிப்பு அவருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

சைவ சித்தாந்தம் காலத்தைப் பற்றி என்ன சொல்கிறது?

இங்கேதான் நம் பெரியோர் வியக்கவைக்கிறார்கள். சித்தாந்தத்தில் தத்துவங்கள், அதாவது உலகுக்கும் உடலுக்கும் அடிப்படையான கூறுகள், 36. அவற்றுள் காலமும் ஒன்று, நியதியும் ஒன்று. இரண்டும் உலகத்துக்கு மூலப்பொருளான மாயையின் ஒரு பிரிவாகிய அசுத்த மாயையிலிருந்து தோன்றுபவை, வித்தியா தத்துவங்களில் சேர்பவை. காலம் வினைப்பயனுக்கு எல்லை வகுக்கிறது. நியதி ஒருவன் செய்த வினையின் பயனை அவனுக்கே வரையறுத்து நிறுத்துகிறது. அதாவது “முன்”, “பின்”, “இப்படித்தான் நடக்க வேண்டும்” ஆகிய மூன்றும் மாயையின் காரியங்கள். சிவன் அவற்றுக்கு அப்பாற்பட்டவன்.

போவேதியஸ் காலத்தை மட்டும் இறைவனுக்குக் கீழே வைத்தார். சித்தாந்தம் நியதியையும் கூடவே கீழே வைத்தது. பூட்டுக்கு வேண்டிய இரு பாகங்களும் உயிர்களின் கட்டைச் சேர்ந்தவை, இறையறிவைச் சேர்ந்தவை அல்ல. சிவஞானபோதம் தந்த மெய்கண்டாரின் 13ஆம் நூற்றாண்டு மரபு இதைச் சைவர்களுக்குக் கொடுத்திருக்க, நாங்கள் “தலைவிதி” என்று ஒரு சொல்லோடு முடித்துக்கொள்வது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

“ஆட்டுவித்தால் ஆரொருவர் ஆடாதாரே” என்று அப்பர் பாடினார். அப்போது நாங்கள் பாவைகள்தானே?

அந்தப் பாட்டின் கடைசி அடியையும் சேர்த்துப் பாடுங்கள்: “காண்பார்ஆர் கண்ணுதலாய் காட்டாக் காலே.” நீ காட்டாவிட்டால் யார் காண்பார் என்கிறார். காட்டுபவன் ஒருவன், காண்பவன் இன்னொருவன். உயிர் தானாக அறியாது, அறிவிக்க அறியும். ஆனால் அறிவித்தால் அறிவது உயிர்தான். இறைவன் காட்டியும் உதவுகிறான், கூட நின்று கண்டும் உதவுகிறான், உயிரின் இடத்தைப் பறிப்பதில்லை. சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரம் சொல்வது இதையே.

பாடியவர் யார் என்பதையும் நினைக்க வேண்டும். பல்லவ அரசன் ஆணையிட்டு அழைத்தபோது “நாமார்க்கும் குடியல்லோம், நமனை அஞ்சோம்” என்று மறுத்த மனிதர் அவர். பாவை இப்படிப் பேசாது. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை. அவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு அப்பரை விதிவாதி ஆக்குவது அநியாயம்.

சூரன் மாறமாட்டான் என்று முருகனுக்குத் தெரியுமே. ஏன் தூது அனுப்பினார்?

கந்தபுராணப் படிப்பு நடக்கும் கோயில்களில் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி இது, கேட்கவும் செய்கிறார்கள். வீரவாகு தேவர் மகேந்திரபுரிக்குப் போய், சிறையிலிருக்கும் தேவர்களை விடுவி என்கிறார். சூரன் மறுக்கிறான். தம்பி சிங்கமுகனும் எடுத்துச் சொல்கிறான். அதற்கும் மறுக்கிறான். போர்க்களத்தில் முருகன் தன் பெருவடிவத்தைக் காட்டும்போது சூரனுக்கு ஒரு கணம் ஞானம் வந்துவிடுகிறது. பாலன் என்றிருந்தேனே, இவன் பெருமையை அன்று உணரவில்லையே என்று உருகுகிறான். அந்தக் கணம், கோயில் வீதியில் நடித்துக் காட்டும் சூரன்போரில் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. வெயிலில் சனம் நெரிபட, சூரனைத் தூக்கியவர்கள் ஓட, தலை மாறிமாறி வர, நாங்கள் வேல் படுவதைத்தான் பார்த்து நிற்கிறோம். புராணத்தில் எனக்குப் பெரிய இடம் அந்த உருக்கம்தான். பெருவடிவம் மறைந்ததும் சினம் திரும்பிவிடுகிறது.

தூது நாடகத்துக்காக அனுப்பப்பட்டிருந்தால் அந்த உருக்கத்துக்கு இடமே இல்லை. வாசல் உண்மையாகவே திறந்திருந்தது. உள்ளே வராதது சூரன். முடிவை அறிந்தும் வாசலைத் திறந்து வைப்பது அருளின் இயல்பு. முடிவில் அவனை அழிக்காமல் மயிலும் சேவலுமாக ஏற்றுக்கொண்டதும் அதே அருள்.

யோகர் சுவாமிகள் “எப்பவோ முடிந்த காரியம்” என்றாரே. அதற்கு மேல் என்ன பேச்சு?

கொழும்புத்துறையில் வாழ்ந்து 1964இல் சமாதியடைந்த யோகர் சுவாமிகள், தம் குரு செல்லப்பா சுவாமிகளிடமிருந்து பெற்றுத் தந்த மகாவாக்கியங்கள் நான்கு: ஒரு பொல்லாப்பும் இல்லை, முழுதும் உண்மை, நாம் அறியோம், எப்பவோ முடிந்த காரியம். நம் ஊரில் கடைசியை மட்டும் பிரித்தெடுத்து, வேலை கிடைக்காதவனுக்கும் விசா மறுக்கப்பட்டவனுக்கும் சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

அதை “நாம் அறியோம்” என்பதோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். காரியம் முடிந்தது, சிவனுடைய பார்வையில். என்ன முடிந்தது என்று நாம் அறியோம். ஆகவே என் முடிவுக்கு அதை ஒரு காரணமாக நான் காட்ட முடியாது. “எனக்கு இது எழுதப்படவில்லை, அதனால் முயலவில்லை” என்கிறவன் தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகப் பாவிக்கிறான். சுவாமிகளே இளமையில் கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக வேலை பார்த்தவர். நெல்லுக்கு நீர் பாய்ச்சும் திட்டத்தின் கணக்கைக் கையில் வைத்திருந்தவர் முயற்சி வீண் என்று போதித்தார் என்று நான் நம்பவில்லை.

இஸ்லாத்தில் இந்தக் கேள்வி உண்டா?

உண்டு, மிகப் பழையது. மனிதன் தன் செயலைத் தானே உண்டாக்குகிறான் என்று முஃதஸிலாக்கள் என்ற பழைய இறையியல் பிரிவினர் வாதிட்டார்கள். செயலைப் படைப்பவன் அல்லாஹ், அதைத் தனதாக்கிக்கொள்பவன் மனிதன் என்று அஷ்அரி மரபினர் பதில் சொன்னார்கள்.

கடவுளை நம்பாதவருக்கு இந்தச் சிக்கல் இல்லையே?

உண்டு. நாளை கடற்போர் நடக்கும் என்ற வாக்கியம் இன்றே உண்மை என்றால், நாளை அது நடக்காமல் இருக்க முடியுமா என்று அரிஸ்டோட்டில் கேட்டார். அந்தக் கேள்வியில் கடவுள் இல்லை.

சாதகத்தில் இருப்பது இறைவனின் முன்னறிவா?

இல்லை. சாதகம் மனிதர் கணிப்பது. அதில் கண்டதை இறைவன் சொன்னதாக எடுப்பது அபசாரம். யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கம் ஒன்று சொல்லும், திருக்கணிதம் வேறொன்று சொல்லும். இரண்டையும் வைத்து உறவுகள் சண்டை பிடித்ததும் உண்டு. இறையறிவு அப்படி இரண்டாகப் பிளவுபடுமா?

சித்தாந்தப்படி பிராரத்தம், அதாவது இப்பிறவியில் பயன் தர வந்த பழைய வினை, தருவது நுகர்ச்சி. இன்பமோ துன்பமோ வந்து சேரும். வந்ததை எப்படி எதிர்கொள்கிறேன் என்பதில்தான் ஆகாமியம், புதிய வினை, பிறக்கிறது. செவ்வாய் தோஷம் என்று ஒரு பெண்ணை ஆண்டுக்கணக்காகக் காக்கவைப்பது கிரகத்தின் செயல் அல்ல. அவ்வாறு முடிவெடுத்தவர்களின் செயல், அவர்கள் கணக்கில்தான் ஏறும். சம்பந்தர் கோளறு பதிகத்தில் கோள்களை எல்லாம் வரிசையாக அழைத்து, அடியாருக்கு அவை “நல்ல நல்ல” என்று பாடியதை வீடுகளில் நாள்தோறும் படிக்கிறோம். படித்து முடித்துவிட்டுச் சாதகக் குறிப்பைத் தூக்குகிறோம்.

எல்லாம் முன்பே தெரியும் என்றால் நேர்த்தி எதற்கு?

முன்பே தெரிந்தவற்றுள் உங்கள் வேண்டுதலும் ஒன்று. வேண்டுவதால் இறைவனின் ஒழுங்கு மாறுவதில்லை. வேண்டுதலின் வழியாக நடக்கட்டும் என்று அவன் ஒழுங்குசெய்தது வேண்டுதலால் நடக்கிறது என்று புனித தோமா அக்குவினாஸ் சொல்வதைச் சைவரும் தாராளமாக ஏற்கலாம். நல்லூரில் பிரதட்டை பண்ணுகிறவர் இறைவனுக்குச் செய்தி சொல்லவில்லை. அவனோடு உறவில் நிற்கிறார்.

“விதிப்படிதானே நடக்கும், ஏன் படிக்க வேண்டும்” என்று மகன் கேட்கிறான்.

பெறுபேறு விதிக்கப்பட்டது என்றால் படிப்பும் அதோடு சேர்த்தே விதிக்கப்பட்டிருக்கும் என்று சொல்லுங்கள். “அவ்வினைக்கு இவ்வினை” என்று சொல்லிக்கொண்டு உய்யும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்கு ஊனம் அல்லவா என்று சம்பந்தர் கேட்டிருக்கிறார். திருநீலகண்டப் பதிகத்தின் முதல் பாட்டு. அவனுக்கு அதைப் பாடிக் காட்டலாம்.

இன்னும் தீராமல் நிற்கும் இடம் எது?

காட்டினால்தான் உயிர் காணும் என்றால், ஒருவருக்கு இன்று காட்டுவதும் இன்னொருவருக்குக் காட்டாததும் ஏன்? மலபரிபாகம், அதாவது உயிரின் அறிவை மறைக்கும் ஆணவம் என்ற மலத்தின் பக்குவம், உயிருக்கு உயிர் வேறுபடுகிறது என்பது சித்தாந்தத்தின் பதில். பக்குவம் ஏன் வேறுபடுகிறது என்று மேலும் கேட்டால், ஆணவம் அநாதி, தொடக்கமில்லாதது, என்ற இடத்தில் பதில் நிற்கிறது. 1618, 1619இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சீர்திருத்தச் சபையினர் மீட்புக்கென்று இறைவனால் தெரிந்துகொள்ளப்பட்டவர் யார் என்று தீர்க்க முயன்றதும் இதே சுவரில் முட்டித்தான். முன்னறிவைவிட இது கடினமான கேள்வி என்று நினைக்கிறேன்.

போரில் நடந்தது எல்லாம் அவனுக்குத் தெரிந்துதானே நடந்தது? ஏன் தடுக்கவில்லை?

தெரிந்துதான். ஏன் தடுக்கவில்லை என்பதற்கு ஆறுதலாக ஒரு வாக்கியம் எழுத என் கை வரவில்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் உயிர் பக்குவப்பட இறைவன் தன்னை ஒளித்து நிற்கும் ‘மறைத்தல்’ என்ற தத்துவ விளக்கத்தோடு போகிறவர் சித்தாந்தத்தையும் அவமதிக்கிறார், அந்தத் தாயையும் அவமதிக்கிறார்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். துன்பம் அடைந்தவருக்கு அது பிராரத்தம் என்றே வைத்துக்கொண்டாலும், செய்தவனுக்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. அவன் தன் கையால் புதிய வினையைச் செய்கிறான். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தில் நகர முடியாமல் நின்றதற்கும், 1990 ஒக்டோபரில் எங்கள் முஸ்லிம் அயலவர்கள் வீட்டுச் சாவியையும் விட்டு வெளியேற்றப்பட்டதற்கும், முடிவெடுத்த மனிதர்கள் இருந்தார்கள். அவர்கள் வேறு விதமாக முடிவெடுத்திருக்கலாம். இறைவன் அறிந்திருந்தான் என்பதால் அந்த “இருக்கலாம்” பொய்யாகிவிடாது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை ஏந்தி 2017 முதல் தெருவோரம் இருக்கும் தாய்மார் கேட்பது, எங்கே, யார், எவர் சொல்லி என்று. அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள்.